163 ஃபைலும் இருக்கிறது, ஒன்றும் அதன் இடத்தில் இல்லை

திருவொற்றியூரில் டீச்சராக இருக்கும் நண்பர் புது லேப்டாப் வாங்கிவிட்டுக் கேட்டார்: "எல்லாத்தையும் டெஸ்க்டாப்லயே சேவ் பண்ணலாமா, தப்பா?" வேறு நாளாக இருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். அவர் கேட்டது என் கடைக் கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் மாற்றிய மூன்றாவது வாரம். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில், நோட்டீஸ், பேனர் எல்லாம் கம்ப்யூட்டரில் டிசைன் பண்ணிக் கொடுக்கும் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் 2019இல் வாங்கியது. 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது என் ஸ்கூட்டரைக்கூட விட்டுவிட்டு இதைத்தான் மேஜைமேல் தூக்கி வைத்தேன். அதன் டெஸ்க்டாப்தான் ஆறு வருடமாக என் கணக்கு நோட்டு. பார்க்கிறவர்களுக்குக் குப்பை மாதிரி இருக்கும். இடது மேல் மூலையில் இருப்பதெல்லாம் இன்றைக்கே கொடுக்க வேண்டியவை. அதற்குக் கீழே, சரிபார்க்க ப்ரூஃப் அனுப்பி இன்னும் ஓகே வராதவை. வலது ஓரம் பாக்கிக்காரர்கள். பணம் வந்தால்தான் ஃபைல் அந்த ஓரத்தை விட்டு நகரும். கேரம் போட்டி நோட்டீஸ் ஒன்று எட்டு மாதம் அங்கேயே கிடந்தது. போட்டியில் ஜெயித்தவனுக்குக் கோப்பையே துருப்பிடித்திருக்கும்.

கடைசி வரிசை கண்ணீர் அஞ்சலி. சாவு வீட்டு வேலை என்றால் இரண்டு மணி நேரத்தில் பேனர் வேண்டும். படம் வாட்ஸ்அப்பில் வரும். பெரும்பாலும் யார் கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோ, பக்கத்தில் நிற்பவரின் தோளும் சேர்ந்திருக்கும். தோளை வெட்டி, பின்னால் வானத்தைப் போட்டு, மாலையை ஏற்றிக் கொடுப்பேன். அந்த அவசரத்தில் யார் பெயர் வைப்பது? 'அப்பா', 'அப்பா நியூ', 'அப்பா ஃபைனல்'. என் டெஸ்க்டாப்பில் எத்தனை பேருடைய அப்பா!

அழிக்க மாட்டேன். ஒரு வருடம் கழித்து முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு வருவார்கள். அதற்குள் வீட்டில் போன் மாறி, படம் போயிருக்கும். "அண்ணே, உங்ககிட்ட இருக்குமா?" என்பார்கள். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு இடம் ஞாபகம் வந்துவிடும்: கீழ் வரிசை, வலமிருந்து நாலாவது.

ஆடி மாதம், கூழ் ஊற்றும் நோட்டீஸ்கள் குவிந்து கிடக்கும் நேரத்தில், ஹார்ட் டிஸ்க் கடகடக்க ஆரம்பித்தது. சர்வீஸ் தம்பி கேட்டார்: "சி டிரைவ்ல முக்கியமா எதாச்சும் இருக்காண்ணா?"

"இல்லப்பா, எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு."

சிரித்துவிட்டார். விண்டோஸில் டெஸ்க்டாப் என்பதே சி டிரைவுக்குள், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்னொரு ஃபோல்டர்தான். இத்தனை வருடம் கம்ப்யூட்டரை வைத்துச் சோறு தின்றவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நல்ல பிள்ளை, ஒன்று விடாமல் காப்பி எடுத்துப் எஸ்.எஸ்.டி. என்கிற புது வகை டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார். 163 ஃபைல், எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இடது பக்கத்திலிருந்து வரிசையாக, பிரேயருக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றன. எந்த ஐகான் எங்கே இருந்தது என்பது ஃபைலோடு வராதாம், விண்டோஸ் தன் செட்டிங்குகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தனியாக எழுதி வைத்திருக்குமாம். ஆறு வருடக் கணக்கு நோட்டில் எழுத்தெல்லாம் அப்படியே இருக்க, கோடுகளை மட்டும் யாரோ அழித்துவிட்டார்கள். யார் எனக்குப் பாக்கி என்றுகூடத் தெரியவில்லை.

தங்கச்சி பையன் கல்லூரி விட்டதும் கடைக்கு வருவான். அவன் லேப்டாப்பில் டெஸ்க்டாப் காலி, ரீசைக்கிள் பின் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும். வருடம், அதற்குள் மாதம், அதற்குள் வேலை என்று ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறான். (பக்கத்து பிரவுசிங் சென்டரில் 'நியூ ஃபோல்டரு'க்குள் 'நியூ ஃபோல்டர் 2', அதற்குள் யாருடையதோ ஆதார். அந்தப் பக்கமே போகாதீர்கள்.) தாமஸ் மலோன் என்பவர் 1983லேயே ஆபீஸ் மேஜைகளை ஆராய்ந்து, ஃபைல் போட்டு அடுக்குகிறவர்கள், குவித்து வைக்கிறவர்கள் என்று இரண்டு விதம் சொல்லியிருப்பதாக அவன்தான் காட்டினான். குவியல் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்து வேலையை நினைவூட்டும் என்றும் அவர் சொல்லியிருக்கிறாராம். அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம். "நீங்க குவிக்கிற ஆள் மாமா" என்றான். சந்தோஷம் போய்விட்டது.

டிஸ்க் மாற்றிய அந்த வாரமே ஒரு அக்கா வந்தார். அப்பாவுக்கு முதல் திதி. முகம் ஞாபகம் இருக்கிறது, கீழ் வரிசை என்பதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் கீழ் வரிசையே இல்லை. இருபது 'அப்பா'வைத் திறந்து பார்த்து வேர்த்துவிட்டது.

பையன் கேட்டான்: "எப்ப தவறினாருக்கா?"

"போன வருஷம் ஆவணி அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி."

போனில் பஞ்சாங்கம் பார்த்தான். 2024இல் அந்த அமாவாசை செப்டம்பர் 2. அப்படியென்றால் ஆகஸ்ட் 31. கம்ப்யூட்டரில் இறக்கும் வாட்ஸ்அப் படத்தின் பெயரிலேயே தேதி இருக்கும் என்பதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. அந்தத் தேதியைத் தேடினான். ஒன்பது படம் வந்தது. எட்டு ரேஷன் கார்டு, ஆதார். ஒன்று அவர். நான் வெட்டிய படம் இல்லை, முதலில் வந்த முழுப் படம்.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்தத் தோள் எங்க அம்மாது. பேனருக்கு வெட்டிடுங்க. இதை அப்படியே என் போனுக்கு அனுப்புங்க."

டீச்சருக்குச் சொல்லிவிட்டேன்: டெஸ்க்டாப்பில் எதையும் வைக்காதீர்கள், என் மருமகன் சொல்வதுதான் சரி. நான் தினமும் மதியம் கடை சும்மா இருக்கும்போது ஐகான்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை நாற்பது முடிந்திருக்கிறது. அந்த அக்காவின் ஃபைல் இப்போதைக்கு வலது ஓரத்தில், 300 ரூபாய் பாக்கி.