ஆர்வியில் கேஸ் ஃபிரிட்ஜா, வீட்டு ஃபிரிட்ஜா? இரண்டையும் வைத்து வாழ்ந்த அனுபவம்

படுக்கை, சமையலறை எல்லாம் கொண்ட வீடு போன்ற பயண வண்டிதான் ஆர்வி. எங்கள் ஆர்வியோடு வந்தது கேஸ் ஃபிரிட்ஜ். பல வருடம் உழைத்தது. அது போன பிறகு அதே இடத்தில் வீட்டில் வைக்கும் சாதாரண கம்ப்ரசர் ஃபிரிட்ஜை வைத்தோம், அதுவும் இப்போது பழசாகிவிட்டது. எது நல்லது என்று கேட்டால் வீட்டு ஃபிரிட்ஜ் என்றுதான் சொல்வேன். ஆனால் என் பேட்டரிகளையும், நாங்கள் இரவு தங்கும் இடங்களையும் கணக்கில் வைத்துச் சொல்லும் பதில் அது.

கேஸ் ஃபிரிட்ஜின் மேல் எனக்கு இன்னும் மரியாதை உண்டு. 1922இல் ஸ்டாக்ஹோமில் பல்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய அமைப்பு அது. மோட்டாரும் இல்லை, கம்ப்ரசரும் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். கீழே எரியும் சின்னச் சுடரின் சூட்டில் அமோனியா ஆவியாகி மேலே போய்த் திரவமாகிறது. ஹைட்ரஜன் இருக்கும் பகுதிக்கு வந்ததும் மறுபடி ஆவியாகி, பெட்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அப்புறம் தண்ணீரில் கரைந்து கீழே திரும்புகிறது. இரவில் துளிச் சத்தம் இருக்காது. ஃபிரிட்ஜுக்கு மட்டும் என்றால் ஒரு நாளைக்கு அரை முதல் முக்கால் கிலோ புரொப்பேன் கேஸ் போதும். 9 கிலோ சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய இரண்டு வாரம் வரும். மின் இணைப்பே இல்லாத மரநிழலில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு இதற்கு ஈடு கிடையாது.

ஆனால் திரவம் கீழே இறங்குவது புவியீர்ப்பால்தான். அதனால் வண்டி சமமாக நிற்க வேண்டும். பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு. ஓடும்போது குலுக்கலில் திரவம் நகர்ந்துகொண்டே இருப்பதால் பெரிய பாதிப்பு இல்லை. சாய்வாக நிறுத்திவிட்டு ஃபிரிட்ஜை ஓடவிடுவதுதான் ஆபத்து. சுடருக்கு மேல் இருக்கும் கொதிகலன் அளவுக்கு மீறிச் சூடாகி, துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் குழாய்க்குள் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பச் சரியாகாது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். எங்கு நிறுத்தினாலும் முதல் வேலை ரசமட்டம் பார்ப்பதுதான்.

கோடைதான் இதன் பலவீனம். வெளியே 38 டிகிரியைத் தாண்டிவிட்டால், உள்ளே பாதுகாப்பான 4 டிகிரிக்குக் கொண்டுவர எங்களுடையது திணறும். ஃபிரிட்ஜின் பின்பக்கம் இருக்கும் சுவரில் மாலை வெயில் விழாதபடி வண்டியைத் திருப்பி நிறுத்துவோம். காற்று வழியில் ஒரு சின்ன மின்விசிறி வைத்தபின் நல்ல வித்தியாசம் தெரிந்தது. கிளம்புவதற்கு முந்தின நாளே போட்டுவிட வேண்டும், குளிர அவ்வளவு நேரம் பிடிக்கும். பனிக்கட்டியையும் கையால்தான் உருக்க வேண்டும்.

பலர் கவனிக்காத இரண்டு விஷயங்கள். இப்போதைய கேஸ் ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றின் கட்டுப்பாட்டுப் பலகைக்கு 12 வோல்ட் வேண்டும், பேட்டரி செத்தால் கேஸ் இருந்தும் அது நின்றுவிடும். இன்னொன்று, சுடருக்குப் பதில் அதை மின்சாரத்தில் ஓட்டினால் உள்ளே வேலை செய்வது 300, 400 வாட் ஹீட்டர். இன்வெர்ட்டரில் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பேட்டரி சீக்கிரமே காலியாகிவிடும்.

எங்களுடையது கடைசியில் கசிந்து போனது. ஒரு காலையில் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாசனை, பின்பக்கக் குழாயில் மஞ்சள் தூள். இந்த இரண்டில் எதைப் பார்த்தாலும் உடனே ஃபிரிட்ஜை அணைத்து, கேஸை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் எரியக்கூடியது, ஆர்வி தீ விபத்துகளுக்கு இந்த ஃபிரிட்ஜ்கள் காரணமாக இருந்ததும் உண்டு. பெட்ரோல் பங்கில் நுழையும் முன் சுடரை அணைக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாறியதும் முதலில் தெரிந்தது இடம். முன்பு 200 லிட்டரை ஒட்டி இருந்தது, இப்போது அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வெயில் எப்படி அடித்தாலும் 3, 4 டிகிரியில் நிற்கிறது, சில மணி நேரத்தில் குளிர்ந்துவிடுகிறது. பால் கெட்டுவிடுமோ என்று நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டும் கவலை போயே போய்விட்டது.

அதற்கான விலையை பேட்டரி கொடுக்கிறது. இந்த அளவு ஃபிரிட்ஜ் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 யூனிட் மின்சாரம் எடுக்கும். இன்வெர்ட்டரில் பத்து, பதினைந்து சதவீதம் வீணாகும். அதோடு இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும். 20 வாட் என்று வைத்தால்கூட ஒரு நாளில் கிட்டத்தட்ட அரை யூனிட்! 100 ஆம்பியர்-அவர் கொண்ட 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 0.6 யூனிட். அப்படி இரண்டு இருந்தாலும் ஒரு முழு நாள் தாங்காது. லித்தியத்தில் 200 ஆம்பியர்-அவர் இருந்தால் 2 யூனிட் கிடைக்கும். 400 வாட் சோலார் நல்ல வெயிலில் ஒரு நாள் செலவை ஓரளவு ஈடுகட்டும், மேகம் மூடினால் ஜெனரேட்டர்தான். இன்வெர்ட்டர் வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையைத் தரும் ப்யூர் சைன் வேவ் வகையாகவும், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வரும் அதிக இழுப்பைத் தாங்குவதாகவும் இருக்கட்டும்.

பொருத்துவதிலும் வேலை உண்டு. ஆர்வி கதவு வழியாக நுழையுமா என்று முதலில் அளந்து பாருங்கள். எங்களுடையது ஜன்னலைக் கழற்றித்தான் உள்ளே போனது. கதவு ஓட்டத்தில் திறக்காமல் இருக்கத் தாழ்ப்பாள் வேண்டும், ஃபிரிட்ஜைச் சட்டத்தோடு திருகி இறுக்க வேண்டும். பழைய கேஸ் குழாயை, கேஸ் வேலை தெரிந்த டெக்னீஷியனைக் கொண்டே அடைத்துவிடுங்கள். வாகனத்தில் வைத்தால் வாரன்டி செல்லுமா என்று வாங்குமுன் படித்துவிடுங்கள்.

சின்ன வண்டி என்றால் நான் இரண்டையும் விட்டுவிட்டு 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜைத்தான் பார்ப்பேன். இன்வெர்ட்டர் தேவையில்லை, சாய்வைப் பற்றிய கவலையும் கிடையாது. பெட்டியும் சிறியது என்பதால் மின்செலவு பெரும்பாலும் ஒரு யூனிட்டுக்குள் அடங்கிவிடும். எதை வாங்கினாலும் பேட்டரிக்குப் பணம் போடும் முன் ஃபிரிட்ஜை ஒரு வாட் மீட்டரில் செருகி, வழக்கம்போலக் கதவைத் திறந்து மூடி, ஒரு முழு நாள் எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள். முடிந்தால் நல்ல வெயில் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.