1952-ஆ, 1956-ஆ: தாத்தாவின் பேஸ்பால் அட்டைகளில் எதை நிறைவு செய்வது?

அமெரிக்கக் குடும்பங்களில் தாத்தா மறைந்தபின் பரணிலிருந்து இறங்கும் ஷூ பெட்டிகளில், பபிள்கம்மோடு சேர்த்து டாப்ஸ் நிறுவனம் விற்ற, ஆட்டக்காரர்களின் படம் தாங்கிய 1950-களின் பேஸ்பால் அட்டைகள் ஆண்டு கலந்து கிடப்பதுண்டு. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர விரும்பும் வாரிசு, கைவசமுள்ள பணத்தை எந்த ஆண்டுத் தொகுப்பில் போடுவது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். பெட்டியில் 1952, 1956 இரண்டும் பாதி பாதியாக இருந்தால், புகழ்பெற்ற 1952-ஐத் தேடி ஓடுவதுதான் பலரின் முதல் தவறு என்பேன்.

1952 தொகுப்பில் 407 அட்டைகள். முதல் 310-ஐ நாள்பட்ட தேடலில் சேர்த்துவிடலாம். ஆளைச் சாய்ப்பவை 311 முதல் 407 வரையிலான கடைசி 97. ஆட்டப் பருவம் முடியும் தறுவாயில் கடைக்கு வந்த அவற்றை வாங்க ஆளில்லாமல் போய், கிடங்கில் தேங்கியவற்றை அந்தத் தொகுப்பை உருவாக்கிய சை பெர்கர் 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அவரே பிற்காலத்தில் சொன்னார். 311-ஆம் எண், புகழ்பெற்ற ஆட்டக்காரர் மிக்கி மான்டிலின் அட்டை. நன்கு பாதுகாக்கப்பட்ட ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. வேடிக்கை என்னவென்றால், மான்டில் அட்டை அச்சுத்தாளில் இரண்டு இடங்களில் இருந்ததால், அதே வரிசையின் பெரும்பாலான அட்டைகளைவிட அதிகமாகவே அச்சானது. விலை அரிதானதற்கு அல்ல, பெயருக்கு. கடைசித் தொடரைத் தொடாமல் 310-இல் நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. அது கௌரவமான முடிவுதான், ஆனால் நிறைவு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

1956 தொகுப்பில் எண்ணிட்டவை 340. அதுபோலக் கையைக் கடிக்கும் கடைசித் தொடர் இதில் இல்லை. போட்டி நிறுவனமான போமனை டாப்ஸ் அவ்வாண்டு வாங்கிவிட்டதால், 1952-இல் இடம்பெறாத டெட் வில்லியம்ஸ், ராபர்ட்டோ கிளெமென்டி ஆகியோரும், அதில் இடம்பெற்ற ஜாக்கி ராபின்சன், வில்லி மேஸ் ஆகியோரும் எனப் பெரும் பெயர்கள் ஒரே தொகுப்பில் அமைந்தன. படுக்கைவாக்கிலான அட்டையில் பெரிய முகமும் பக்கத்தில் ஒரு சிறு ஆட்டக் காட்சியும் இருக்கும். ஹேங்க் ஆரன் அட்டையின் ஆட்டக் காட்சியில் சறுக்கி வருபவர் ஆரன் அல்ல, மேஸ். இத்தகைய பிழைகளுக்காகவே எனக்கு 1956-ஐப் பிடிக்கும்.

வாங்கும் முறையிலும் ஒரு போட்டி உண்டு: தரமதிப்பீடு செய்து பிளாஸ்டிக் உறையில் அடைத்தவையா, உறையில்லாதவையா? மான்டில் போன்ற விலையுயர்ந்த அட்டைக்கு உறை அவசியம். போலியும், புதிதுபோலத் தெரிய விளிம்பு வெட்டிய அட்டையும் அங்குதான் அதிகம். மற்றவற்றுக்கு, பெட்டியில் இருப்பவற்றைப் போலவே மூலை மழுங்கியவற்றை வாங்குவதே மலிவு, தொகுப்பும் ஒரே சீராக இருக்கும். 1952, 1956 இரண்டுமே 1957-க்குப் பிந்தைய அட்டைகளைவிடப் பெரியவை என்பதால், இன்றைய சாதாரண உறைக்குள் திணித்து மூலையை மடக்கிவிடக் கூடாது. 1952-இன் முதல் அட்டையான ஆண்டி பாஃப்கோவைப் பாருங்கள்: அடுக்கின் மேலேயே இருந்ததால், ரப்பர் பேண்ட் அழுத்திய தழும்பு விளிம்பில் இல்லாத பிரதி கிடைப்பது அரிது.

ஆகவே என் தேர்வு 1956. அதில், தொகுப்பிலுள்ள அட்டைகளைப் பட்டியலிடும் எண்ணிடாத இரண்டு பட்டியல் அட்டைகளும் உண்டு. கைவசமுள்ளவற்றைச் சிறுவர்கள் அவற்றில் பென்சிலால் குறித்துவிட்டதால் குறியில்லாதவைக்கு விலை அதிகம். தாத்தாவின் குறிகள் உள்ள பட்டியல் பெட்டியில் இருந்தால், அதை மாற்ற வேண்டியதில்லை. குறி விழாத கட்டங்களே வாரிசு வாங்க வேண்டியவை.