கனெக்டிகட்டின் நீல உறை: எட்டு மாதப் பயன்பாட்டிற்குப் பிறகு

ஆட்டிசம் உள்ள ஓட்டுநர்கள், காவலர் காரை நிறுத்தும்போது எடுத்துக் கொடுப்பதற்காக அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 2020-இல் கொண்டுவந்த நீல உறையை, புதிதாக உரிமம் பெற்ற எங்கள் மகனுக்காக வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. உறைக்குக் கட்டணம் இல்லை. உரிமம், வாகனப் பதிவுச் சான்று, காப்பீட்டு அட்டை மூன்றும் உள்ளே அடங்கிவிடுகின்றன.

உண்மையான பயன் வெளியே அச்சிடப்பட்டிருப்பதில்தான் இருக்கிறது. இவர் பதற்றத்தில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யலாம் என்றும், விசாரணை முடிந்ததும் போகலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள் என்றும் காவலருக்குக் குறிப்புகள் உள்ளன. சொல்லாவிட்டால் எங்கள் பையன் விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பான். காருக்குள் டார்ச் அடிக்கக்கூடும், சொல்லும்வரை கைகளை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காதீர்கள் என்று ஓட்டுநருக்கும் எழுதியிருக்கிறார்கள். நடக்கப்போவது முன்பே தெரிந்தால் அவனுக்குப் பாதிப் பதற்றம் குறைந்துவிடும் என்பதால், இந்தப் பகுதியை மனம்விட்டுப் பாராட்டுகிறேன்.

ஆனால், உறை இருப்பதைக் காவலரிடம் முதலில் வாய்திறந்து சொல்ல வேண்டியவன் அவனே. அவனுக்கு மிகக் கடினமானதும் அதுதான். பேச்சு வராமல் உறையை எடுக்கக் கையை நீட்டினால், காவலரின் கண்ணில் முதலில் படுவது நீல நிறமா, கறுத்த கையா? இதைப் பற்றி உறையில் ஒரு சொல்லும் இல்லை. 2016-இல் வடக்கு மயாமியில், ஆட்டிசம் உள்ள ஒருவர் கையில் வைத்திருந்த பொம்மை லாரியைத் துப்பாக்கி என்று எண்ணிக் காவலர் சுட்டபோது, குண்டு பாய்ந்தது பக்கத்தில் கைகளை உயர்த்தியபடி படுத்திருந்த கறுப்பினப் பராமரிப்பாளர் சார்லஸ் கின்சியின் காலில். 2024-இல் கலிபோர்னியாவில், குடும்பத்தார் உதவிக்கு அவசர எண்ணான 911-ஐ அழைத்த வீட்டிலேயே, ஆட்டிசம் உள்ள 15 வயதுக் கறுப்பினச் சிறுவன் ரையன் கெய்னர் காவலரால் சுடப்பட்டு இறந்தான். இந்த இரண்டு இடங்களிலும் கார் இல்லை, ஸ்டீயரிங் இல்லை. இப்படி ஓர் உறைக்கு அங்கே வேலையும் இல்லை.

ஆகவே ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வாங்குபவர்கள் அதைக் காரின் முன்பக்கச் சிறு பெட்டிக்குள் (glove box) போடாமல், எங்களைப் போல வெயில் மறைப்புத் தகட்டில் வெளியே தெரியும்படி செருகி வையுங்கள். "என்னிடம் நீல உறை இருக்கிறது" என்ற ஒரே வாக்கியத்தை நிறுத்திய காருக்குள் பலமுறை சொல்லிப் பழக்குங்கள். எங்கள் வீட்டில் காவலராக நடிப்பது அவன் அக்கா, டார்ச் உண்மையானது.