ஒற்றை அடுக்கா, இரட்டை அடுக்கா? மரக் கப்பல் மாடல் வாங்கும் முன்

மரக் கப்பல் மாடல் கிட் வாங்கப் போகிறவர்கள் எந்தக் கப்பல் என்பதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். விக்டரி கப்பலா, கட்டி சார்க்கா, பிளூநோஸா? அதே அளவுக்கு யோசிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. கப்பலின் உடலுக்கு ஒரே அடுக்குப் பலகை ஒட்டும் கிட்டா, இரண்டு அடுக்கு ஒட்டும் கிட்டா? நான் இரட்டை அடுக்கை எடுத்தேன். மறுபடி வாங்கினாலும் அதைத்தான் எடுப்பேன்.

எலும்புக்கூடு இரண்டிலும் ஒன்றுதான். பிளைவுட்டில் வெட்டிய கீல் (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு), அதில் செருகும் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் நீளவாக்கில் பலகைகள். அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ் கிட்களில் பெரும்பாலும் ஒரே அடுக்கு பாஸ்வுட் என்ற வெளிர் மரம். ஸ்பெயினின் ஆர்டிசானியா லத்தினா, ஆக்ரே, இங்கிலாந்தின் கால்டர்கிராஃப்ட் போன்றவற்றில் இரண்டு அடுக்கு வழக்கம்: உள்ளே ஒன்றரை மில்லிமீட்டர் வாக்கில் லைம்வுட் போன்ற மலிவான மரம், அதன்மேல் அரை முதல் ஒரு மில்லிமீட்டரில் வால்நட் போன்ற நல்ல மரம். இரட்டையில் வேலை ஏறக்குறைய இருமடங்கு என்பதைச் சொல்லவே வேண்டாம்.

என் முடிவுக்குக் காரணம் ஒன்றுதான்: திருத்த இடம் இருக்கிறதா என்பது.

கப்பலின் நடுப்பகுதியில் மேலிருந்து கீல் வரைக்குமான சுற்றளவு அதிகம், மூக்குப் பகுதியில் குறைவு. ஆகவே ஒவ்வொரு பலகையையும் முன்பக்கம் போகப்போக ஒடுக்க வேண்டும். பின்பக்கம் கீழே பல கப்பல்களில் நிலைமை தலைகீழ். அங்கே பலகைகள் விரிந்து நடுவில் இடைவெளி விழும், ஆப்பு போன்ற துண்டுகளை வெட்டி அடைக்க வேண்டும். ஒடுக்குவது கொஞ்சம் தப்பினாலும் அடுத்த பலகை பக்கவாட்டில் வளைய மறுத்து, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். போதாததற்கு, சட்டங்களைச் சரியாகச் சாய்த்துச் சீவாவிட்டால் ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பலகை உள்வாங்கி, பட்டினி கிடந்த குதிரையின் விலா எலும்பு மாதிரி உடல் தெரியும்.

ஒற்றை அடுக்கில் இவ்வளவும் வெளியே தெரியும் பலகையிலேயே நடக்கிறது. மேட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யலாம், ஆனால் ஒன்றரை மில்லிமீட்டர் பலகையில் எவ்வளவு தேய்க்க முடியும்? ஓரளவுக்கு மேல் போனால் மெலிந்து ஓட்டை விழும். பட்டி வைத்தால் அதன் நிறம் தனியாகக் காட்டிக்கொடுக்கும். பலகையைப் பிடித்து வைக்க அடித்த ஆணிகளின் துளைகளும் அப்படியே நிற்கும்.

இரட்டையில் முதல் அடுக்கை யாரும் பார்க்கப் போவதில்லை. தாராளமாகப் பட்டி வைக்கலாம், ஆணி அடிக்கலாம், ஆப்பு செருகலாம், வளைவு கைக்குப் பிடித்த மாதிரி வரும்வரை தேய்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பதுதான் சரியான சோதனை, கண்ணுக்குத் தப்பும் பள்ளம் விரலுக்குத் தப்பாது. அப்புறம் இரண்டாவது அடுக்கு சட்டங்களின் மேல் மட்டும் இல்லாமல் முழுப் பரப்பிலும் ஒட்டுவதால் ஆணியே தேவைப்படாது. வால்நட்டின் இழை கறை இல்லாமல் சுத்தமாகத் தெரியும். உடலின் வளைவைச் சரி செய்வது ஒரு வேலை, அழகான பலகை போடுவது இன்னொரு வேலை. இரட்டை அடுக்கு அந்த இரண்டையும் பிரித்துக் கொடுக்கிறது. எனக்கு அதுவே போதும்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். கப்பலின் பின்முனையில் நிமிர்ந்து நிற்கும் பின்தூண் ஓரம் இரண்டு அடுக்கும் சேர்ந்தால் தடிமன் ஏறிவிடும். ஐந்து மில்லிமீட்டர் கீலின் இரு பக்கமும் இரண்டிரண்டு மில்லிமீட்டர் சேர்ந்தால் ஒன்பது, தூணோ ஐந்துதான். அதனால் முதல் அடுக்கை அந்த ஓரத்தில் ஏறக்குறைய தாள் கனத்துக்கு இழைத்துவிட்டே இரண்டாவதை ஆரம்பிக்க வேண்டும்.

ஒற்றை அடுக்குக்கும் நியாயம் உண்டு. உடல் முழுக்க வண்ணம் பூசும் கப்பல் என்றால் என் வாதம் பாதி விழுந்துவிடும். 1921ல் கனடாவின் லூனன்பர்கில் கடலில் இறங்கிய பிளூநோஸ் கறுப்பு உடல் கொண்டது. மாடல் ஷிப்வேஸின் 1:64 அளவு (அசலில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு) பிளூநோஸுக்கு ஒற்றை அடுக்கு சரி, பட்டி எல்லாம் வண்ணத்துக்கு அடியில் போய்விடும். வண்ணம் வேண்டாம், சாயம் ஏற்றி மரமாகவே விடுவோம் என்றால் யோசியுங்கள், பாஸ்வுட் சாயத்தைத் திட்டுத்திட்டாகக் குடிக்கும். அசல் கப்பலில் இருந்தபடி ஒவ்வொரு பலகைக்கும் அளவெடுத்து வடிவம் வெட்டிப் போட விரும்புகிறவர்களுக்கும் ஒற்றைதான் நேர்மையான வழி. அதில் என் அனுபவம் ஒரு சின்னப் படகோடு நிற்கிறது, ஆகவே பெரிய கப்பலில் அது எப்படி வரும் என்று உறுதியாகப் பேச மாட்டேன்.

விக்டரி எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. அந்தக் கப்பலின் அடிப்பகுதிக்கு 1780ல் செப்புத் தகடு அடித்தார்கள். மாடலிலும் நீர்மட்டத்துக்குக் கீழே தகடுதான் தெரியும். அதற்காக அங்கே இரண்டாவது அடுக்கை விட்டுவிடக் கூடாது, நீர்மட்டத்தில் படி விழும். நிறம் ஒத்துப்போகாத, முடிச்சுள்ள வால்நட் பட்டைகளைப் பொறுக்கி அங்கே போட்டுவிட்டு, நல்லவற்றை மேல்பக்கத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.