ஆறுக்கு ஆறு ஆட்டத்தில் ரசிகர்கள் செய்த மேப்கள்: பிராசஸ், கல்லிவாஷ், ப்ராடக்ட் – ஒரு விமர்சனம்

டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டு வெளியானது 2007 அக்டோபரில். அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் செய்து தந்த மேப்கள் (சண்டை நடக்கும் களங்கள்) பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர், ஆக 24 பேர் மோதுவதற்கு ஏற்ற அளவில் இருந்தன. போட்டியாக ஆடுபவர்களில் பலர் தேர்ந்தெடுத்ததோ ‘சிக்ஸஸ்’ எனப்படும் ஆறு பேர் டீம்: இரண்டு ஸ்கவுட் (வேகமாக ஓடுபவர்), இரண்டு சோல்ஜர் (ராக்கெட் சுடுபவர்), ஒரு டெமோமேன் (குண்டு வைப்பவர்), ஒரு மெடிக் (குணப்படுத்துபவர்). ஆள் பாதியாகக் குறைந்தால் அதே மேப்பில் காவலில்லாத வாசல்கள் பெருகிவிடும். யாரும் நிற்காத பக்க வழியாக ஒரு ஸ்கவுட் நுழைந்து, எதிரில் ஆளே இல்லாமல் பாயிண்ட்டை, அதாவது கைப்பற்றவேண்டிய இடத்தைப் பிடித்துவிடுவான்.

இந்தக் குறையைத் தீர்த்தவர்கள் ஆடுபவர்களேதான். பிராசஸ், கல்லிவாஷ், ஸ்னேக்வாட்டர், மெட்டல்வொர்க்ஸ், சன்ஷைன், ப்ராடக்ட் எல்லாமே ரசிகர்கள் செய்தவை. 2008 பிப்ரவரியில் வந்த வால்வின் பேட்லேண்ட்ஸ் போட்டிகளில் பல ஆண்டுகள் நிலைத்தது உண்மை. ஆனால் வால்வின் இன்னொரு மேப்பான கிரானரிக்கு ரசிகர்கள் ‘ப்ரோ’ என்று ஒரு திருத்திய வடிவத்தைத் தனியாகச் செய்யவேண்டி வந்தது.

முதலில் பிராசஸ். ஸ்கார்பியோ அப்ரைசிங் என்ற பெயரில் இயங்கியவர் உருவாக்கியது. ஐந்து பாயிண்ட், இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு: நடுவில் மிட், அதற்கு அடுத்து ஒவ்வொரு டீமின் பக்கமும் செகண்ட், கடைசியில் லாஸ்ட். சிக்ஸஸுக்குப் புதிதாக வரும் டீம் முதலில் கற்கவேண்டிய மேப் இதுதான் என்று தயங்காமல் சொல்வோம். காரணம் இதன் தூரக் கணக்கு. மெடிக்கின் மெடிகன் கருவியில் ஊபர் (சில வினாடி அடிபடாமல் காக்கும் சக்தி) நிரம்பக் குறைந்தது 40 வினாடி ஆகும். செத்தவர் திரும்பிவர ஏறக்குறைய 10 வினாடி. மிட் சண்டையில் ஜெயித்து எதிர் மெடிக்கையும் வீழ்த்திய டீமுக்குக் கிடைக்கும் ஆதாயம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. மிட்டிலிருந்து செகண்டுக்கு நீண்ட நடை என்றால் போய்ச் சேர்வதற்குள் ஆதாயம் கரைந்துவிடும். மிகவும் கிட்டத்தில் இருந்தால் தோற்ற டீம் அணிதிரளவே வழியில்லை, ஒரே மிட் சண்டையில் ரவுண்டு முடிந்துவிடும். பிராசஸில் சோக் (குறுகிய வாசல்), ஐடி அறை, சூவர் (சாக்கடை வழி) என்று வழிகள் பிரிகின்றன. எதிலே போனாலும் செகண்டை அடையும்போது எதிராளிக்கு நிலைகொள்ள மட்டும்தான் நேரம் இருக்கும், ஊபர் நிரப்ப இருக்காது. ஆகவே தாக்குபவர்கள் உடனே முடிவெடுக்கவேண்டும். காப்பவர்கள் மெடிக்கைச் சோக்கிலிருந்து தள்ளி நிறுத்தி, ஒரு ஸ்கவுட்டைச் சூவர் பக்கம் காது கொடுக்கச் சொல்வார்கள். அவன் குரல் வராவிட்டால் செகண்ட் போய்விடும்.

மருந்துப் பெட்டிகளின் இடத்தையும் கவனித்துப் பாருங்கள். நடுத்தரப் பெட்டி உயிரில் 50 சதவீதம் தரும்; சிறியது சுமார் 20. சோல்ஜரின் முழு உயிர் 200, மெடிக் ஏற்றினால் 300 வரை போகும். ஆட்டம் தொடங்கும் இடமான ஸ்பானிலிருந்து ராக்கெட் ஜம்ப் அடித்து, அதாவது காலடியில் ராக்கெட்டை வெடித்துத் தாவி, மிட்டுக்கு விரையும் சோல்ஜர் ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் உயிரை இழக்கிறார். அந்தப் பாதையில் பெட்டி இருந்தால் மெடிக் டெமோமேனைக் கவனிக்கலாம். இல்லாவிட்டால் இருவருக்கும் பங்கு போடவேண்டும். ஒரு பெட்டியின் அளவை மாற்றினாலே மிட்டுக்கு யார் எவ்வளவு உயிரோடு வருகிறார் என்பது மாறிவிடும். இதையெல்லாம் வாராவாரம் போட்டி ஆடுபவர்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல முடியும்.

கல்லிவாஷ் பற்றி அவ்வளவு தாராளமாகப் புகழ முடியவில்லை. மிட் அருமை: உயர்ந்து நிற்கும் பாயிண்ட், மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் வெவ்வேறு ஆயுத பலம். சிக்கல் லாஸ்டில். உள்ளே நுழையும் வாசல்களைக் காப்பவர்கள் சுலபமாகக் குண்டுகளால் அடைத்துவிடலாம், டெமோமேன் ஒருவரே பாதி வேலையை முடித்துவிடுவார். ஊபர் இல்லாமல் நுழைவது தற்கொலை. இரண்டு பக்கமும் ஊபர் நிரப்பிக்கொண்டு காத்திருப்பார்கள். ஐரோப்பிய லீக்கான ஈடிஎஃப்2எல்லின் விதிப்படி 30 நிமிடம் ஆனாலோ ஒரு டீம் 5 ரவுண்டு முன்னிலை பெற்றாலோ ஆட்டம் முடியும். கல்லிவாஷில் அந்த 30 நிமிடத்தில் கணிசமான பகுதி வாசலில் நிற்பதிலேயே போய்விடும். இது கட்டமைப்பிலேயே உள்ள குறை, சின்னத் திருத்தங்களால் போகாது. பொறுமையான டீமுக்கு மட்டும் பரிந்துரைப்போம்.

ப்ராடக்ட் வேறு வகை. வால்வின் வயடக்டைச் சிக்ஸஸுக்காகத் திருத்தியது. ஒரே பாயிண்ட்தான், அதை 3 நிமிடம் வைத்திருந்தால் ரவுண்டு உங்களுடையது. புது டீம்களுக்கு மிட் சண்டைப் பயிற்சி கொடுக்க இதைவிட நல்லது இல்லை.

இந்த மேப்களின் உண்மையான மதிப்பு பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் எண்ணில் இருக்கிறது. பிராசஸ் எஃப்12, கல்லிவாஷ் எஃப்9 என்பவை லீக்குகளில் ஆடப்படும் திருத்தப் பதிப்புகள். விளையாட்டுக்குள்ளேயே வரும் பதிப்பு இவற்றுக்கு முந்தையது. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆடினால் புரியும். சுவரிலிருந்து துருத்தும் விளக்கில் ராக்கெட் ஜம்ப் அடித்த சோல்ஜர் தட்டி விழுகிறாரா? கண்ணுக்குத் தெரியாத தடுப்பை வைத்து அந்த இடத்தை வழவழப்பாக்குவார்கள். படிக்கட்டில் நடை தடைப்படுகிறதா? மேலே தெரியாத சாய்தளம் போடுவார்கள். சில தரைகளில் ராக்கெட் காலடியில் வெடித்தும் சேதம் பதிவாகாத கோளாறு உண்டு. காசு வாங்காமல் அதையும் தேடித்தேடிச் சரிசெய்கிறார்கள்.

இந்தப் பதிப்பு வேறுபாடே புதியவர்களைத் தடுக்கி விழவைக்கிறது. சர்வரில் இருக்கும் கோப்பும் உங்கள் கணினியில் இருப்பதும் ஒரே பெயரில் வேறு வேறாக இருந்தால், மேப் பொருந்தவில்லை என்று சொல்லி வெளியே தள்ளும். டீம் ஃபோர்ட்ரஸ் கோப்புறைக்குள் ‘மேப்ஸ்’ இருக்கிறது, ‘டவுன்லோட்’ கோப்புறைக்குள்ளும் இன்னொரு ‘மேப்ஸ்’ இருக்கிறது. இரண்டிலும் பழைய கோப்பை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள். ஒன்றில் மட்டும் நீக்கினால் அதே பிழை திரும்ப வரும். சுவரெல்லாம் ஊதாவும் கறுப்புமாகக் கட்டங்கட்டமாகத் தெரிந்தால், செய்தவர் தம் படக்கோப்புகளை மேப்புக்குள் சேர்க்காமல் விட்டிருக்கிறார் என்று பொருள். உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை, அடுத்த பதிப்பைப் பாருங்கள். சர்வர் நடத்துபவர்கள் வேகப் பதிவிறக்க முகவரியைக் கொடுக்க மறக்கக்கூடாது. அது இல்லாவிட்டால் மேப் இறங்குவதற்குள் ஆட்டக்காரர்களே கிளம்பிவிடுவார்கள்.

செலவு? விளையாட்டு 2011 ஜூனிலிருந்து இலவசம், மேப்களும் இலவசம். சொந்த சர்வர் இல்லாதவர்கள் சர்வ்மீ தளத்தின் தென்கிழக்காசியக் கிளையில் முன்பதிவு செய்து ஆடலாம். செய்தவருக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் விளையாட்டின் கடையில் மேப் முத்திரை வாங்குங்கள். பிராசஸுக்கும் கல்லிவாஷுக்கும் முத்திரை உண்டு, அந்தப் பணம் மேப்பை உருவாக்கியவருக்குப் போகிறது. எஃப்12, எஃப்9 போன்ற திருத்தப் பதிப்புகளுக்கு அப்படித் தனி முத்திரை இல்லை. அவற்றில் உழைத்தவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடியது, கோளாறு தென்பட்ட இடத்தைப் படம் பிடித்து, எந்தப் பதிப்பு, எந்த இடம், என்ன செய்தபோது நடந்தது என்று எழுதி அனுப்புவது.