நார்வேஜிய உணர்வுப் பகுப்பாய்வு: பயிற்றிய நோர்பெர்ட்டா, தூண்டல் கொடுத்த பெரிய மாதிரியா?

ஒரு வாக்கியத்தில் யார், எதைப் பற்றி, எந்தச் சொற்களால், எந்தச் சாய்வோடு (நேர்மறையா, எதிர்மறையா) கருத்துச் சொல்கிறார் என்று நான்கையும் பிரித்தெடுப்பதுதான் வேலை. ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் தந்த, விமர்சனக் கட்டுரைகளில் இவற்றைக் குறியிட்ட நோரெக்-ஃபைன் தரவு இதற்கு அடிப்படை.

"மாத்தன் வார் இக்கெ ஸ்பெஸியெல்ட் கூ": உணவு அவ்வளவு நன்றாக இல்லை. இலக்கு "மாத்தன்", கருத்துச்சொல் "இக்கெ ஸ்பெஸியெல்ட் கூ", அதாவது மறுப்புச்சொல்லும் சேர்ந்தே, "வார்" வெளியே நிற்கும். நார்வேஜிய மொழி மாதிரியான நோர்பெர்ட்டை இந்தத் தரவில் பயிற்றினால் இத்தகைய எல்லைகளைக் கற்றுக்கொள்கிறது.

பயிற்றாமல், தூண்டல் (எழுத்தில் தரும் கட்டளை) மட்டும் கொடுத்த பெரிய மொழி மாதிரி சாய்வைப் பெரும்பாலும் சரியாகப் பிடிக்கும், வழுக்குவது எல்லையில்தான். "வார்" உள்ளே வந்துவிடும். வாக்கியத்தில் இல்லாத "விமர்சகர்" கருத்தாளராக முளைப்பார். அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். சொல் எத்தனையாவது எழுத்தில் தொடங்கி முடிகிறது என்பதை அந்த மாதிரியிடம் கேட்கவே கூடாது. சொற்களை அப்படியே நகலெடுக்கச் சொல்லி, இடத்தை நிரலால் தேடுங்கள். நார்வேஜியத்துக்கு நீநொர்ஸ்க், பூக்மோல் என்று இரு எழுத்துமுறைகள் உண்டு. நீநொர்ஸ்க் சொல்லை அது பூக்மோலாகத் திருத்திவிட்டால் தேடல் தோற்கும். அந்த வரிகளைத் தனியே ஒதுக்குங்கள்.

இந்த வேலையை அளக்கும் உணர்வு வரைபட எஃப்1 (Sentiment Graph F1) மதிப்பெண் சொல் பொருத்தத்தையும் எடைபோடுவதால் எல்லைப்பிழை நேராக மதிப்பெண்ணைக் குறைக்கும். விமர்சனக் கட்டுரைகளுக்கு நோர்பெர்ட்டையே எடுப்போம். குறியிட்ட தரவே இல்லாத புதுத் துறைக்கு, பத்து எடுத்துக்காட்டுகளோடு பெரிய மாதிரியை முதல் வரைவு போடவிட்டு, மனிதர் திருத்துவது நல்லது.