ஜெர்மனியில் பிஎச்.டி. இடம் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் ஓராண்டு பாடம் நடத்திச் சேர்த்த 70,000 ரூபாயைச் சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் கொடுத்தேன். ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் பிடித்துத் தருவதாகப் பேச்சு. பெயரை எழுதினால் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். பெயர் கிடக்கட்டும், செய்த வேலையைச் சொல்கிறேன்.

"உங்கள் ஜிமெயில் கடவுச்சொல்லைக் கொடுங்கள், பேராசிரியர்களுக்கு நாங்களே எழுதிவிடுகிறோம்" என்றார் ஆலோசகர். கொடுத்தேன். முட்டாள்தனம்தான், திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

மூன்று வாரம் கழித்து, அனுப்பிய கடிதங்களைத் திறந்து பார்த்தேன். ஒரே இரவில் 212. எல்லாம் "மதிப்பிற்குரிய ஐயா". பெண் பேராசிரியர்களுக்கும் அதே ஐயாதான். "தங்கள் அண்மைக்கால ஆய்வுக் கட்டுரைகளை ஆழ்ந்து படித்தேன்" என்ற வரி கடற்பாசி ஆராய்பவர் ஒருவருக்கும் போயிருந்தது. நான் செய்ததோ பிஸ்மத் டெலுரைடு, வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பொருள். ஒன்பது கடிதங்களின் அடியில் என் பெயரே இல்லை. எனக்கு முன்னால் பணம் கட்டிய யாரோ ஒருவரின் பெயர் இருந்தது.

ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் ஓர் ஆய்வுக் குழுவின் கட்டுரைகளை வைத்துத்தான் என் எம்.எஸ்சி. ஆய்வேட்டையே எழுதினேன். அந்தக் குழுவில் மூன்று பேருக்கு ஒரே கடிதம் போயிருக்கிறது. அங்கிருந்து மட்டும் பதில் வந்தது, இரண்டே வரி: "உங்கள் கடிதம் எங்கள் மூவருக்கும் வந்தது. காலியிடம் இருந்தால் எங்கள் இணையதளத்தில் அறிவிப்போம்." பணம் போனதைவிட இதுதான் உறுத்துகிறது. இனி நானே உட்கார்ந்து எழுதினாலும் அவர்கள் என்னை எப்படிப் படிப்பார்கள்?

நான் முதலிலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டியது: ஜெர்மனியில் அறிவியல் பிஎச்.டி. பெரும்பாலும் ஒரு வேலை. பல்கலைக்கழக அறிவிப்புகளில் இ13 என்ற ஊதிய நிலை போட்டிருக்கும், பக்கத்தில் 50, 65 அல்லது 75 சதவீதம் என்றிருக்கும். முழு நேர ஊதியத்தில் அந்தப் பங்குதான் சம்பளம், வரிப் பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். அறிவிப்புகள் குழுக்களின் தளங்களிலும், டிஏஏடி (ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பு), யூராக்சஸ் (ஆய்வாளர்களுக்கான ஐரோப்பிய வேலைவாய்ப்புத் தளம்) தளங்களிலும் இலவசமாகவே கிடக்கின்றன. ஆளை எடுப்பவர் பேராசிரியர். அவர் பார்ப்பது அந்த ஆய்வுத் திட்டத்துக்கு நீங்கள் ஏன் என்பதைத்தான். அதை உங்களைத் தவிர யார் எழுத முடியும்? சேர்ந்த பிறகு செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்ட வேண்டிவரலாம், அதுவும் பல்கலைக்கழகத்தின் கணக்கில்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் வேறு தூண்டில் போட்டார்கள்: வேலையை விடாமலே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையவழி பிஎச்.டி., இன்னும் இரண்டு லட்சம். கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களுடன் சேர்ந்து நடத்தும் இணையவழி பிஎச்.டி. செல்லாது என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டன. அதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் "கடிதங்கள் அனுப்பியதுடன் சேவை நிறைவுறும்" என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

அந்த ஒன்பது கடிதங்களின் பெயர்க்காரரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். மதுரைக்காரர். தன் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி அழைத்தார். அவருடைய கடிதங்களில் வேறொருவர் பெயர் இருந்ததாம்.